ஒரே இழுப்பு

“ஏக்கா, எஞ்சின் வாங்க வந்துட்டு மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு நிக்கீயளே! பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையா, வெக்கப்படுறதுக்கு?”

விக்னேஸ்வரன் கேட்டதும் பக்கத்து வெல்டிங் பட்டறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பழைய மோட்டார் போட்டுகளை வாங்கி விற்கிற அந்தத் தகரக் கொட்டகை, ராஜபாளையம் ஊர்க்கடைசியில் இருந்தது.

பாண்டீஸ்வரி திரும்பவில்லை. “நீங்க கயித்த இழுங்க அண்ணாச்சி. என் மூஞ்சி எந்தப் பக்கம் இருந்தா ஒங்களுக்கென்ன?”

அவன் இழுத்தான். தண்ணீர்த் தொட்டியில் விசிறி முங்கியிருந்த வெள்ளை எஞ்சின், முதல் இழுப்பிலேயே உறுமியது.

“பாத்தியளா! இன்னைக்கு இப்பத்தான் மொத மொத இழுக்கேன்.”

பாண்டீஸ்வரி வந்து எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தாள். “இப்ப ஸ்டார்ட் ஆன எஞ்சின் அதுக்குள்ள இந்தச் சூடு சுடுதே? நாங்க வாரதுக்கு முன்னாடியே செத்த நேரம் ஓட்டிச் சூடேத்தி வச்சிட்டியளாக்கும்?”

இந்தத் தடவை பட்டறைச் சிரிப்பு அவன் மேல் விழுந்தது.

“மதினி, போதும். இதையே பேசி முடிங்க” என்று காதைக் கடித்தாள் நாத்தனார் பரிபூரணம். “பிளவக்கல்லுல ஒரு ஆளப் பாத்தாச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ஆளப் பாத்தாச்சு. போற எடமெல்லாம் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறது, பொறவு ஒண்ணும் சொல்லாம வெளிய வாரது. மிக்ஸி வாங்குனப்பவும் இப்படித்தான் என் உசுர வாங்குனிய.”

“அந்த மிக்ஸி இன்னும் ஓடுதுல்ல? பேசாம இருடி.”

வன்னியம்பட்டிப் பக்கத்தில் ஒரு கண்மாயின் மீன் குத்தகையை இந்த வருடம் ஏலத்தில் எடுத்தவர்கள் இந்த இரண்டு பெண்கள்தான். “பொம்பளைகளுக்கு எதுக்குக் கண்மாயி?” என்று கேட்டவர்கள் கண் முன்னாலேயே குஞ்சு விட்டு, தீவனம் போட்டு, கட்லாவை முழங்கை நீளத்துக்கு வளர்த்துவிட்டார்கள். வளர்த்ததை இப்போது எவனோ ராத்திரி இருட்டில் மோட்டார் போட்டில் வந்து வலையோடு அள்ளிக்கொண்டு போகிறான். ஆள் முகம் தெரிவதில்லை, எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்கும். இவர்கள் பரிசலில் துடுப்புப் போட்டு நடுக் கண்மாய்க்கு வருவதற்குள், அக்கரையில் நிற்கிற வண்டியில் போட்டை ஏற்றிவிடுகிறான். இப்படியே போனால் பொங்கலுக்கு வலை போட மீன் இருக்காது. குத்தகையும் கைவிட்டுப் போகும். கேலி பேசினவர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

விரட்டிப் பிடிக்க இவர்களுக்கும் ஒரு மோட்டார் போட் வேண்டும். கயிற்றை இழுத்ததும் மறுபேச்சில்லாமல் கிளம்புகிற எஞ்சின் வேண்டும்.

“அந்த மூலையில தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்கே, அது என்ன போட்?”

“அது விக்கிறதுக்கு இல்லக்கா. ஓட்ட ஒடசல்.”

“சும்மா இழுத்துக் காட்டுங்களேன். கேக்கிறதுக்குமா காசு?”

அரைமனதாக அவன் தார்ப்பாயை விலக்கினான். பெயின்ட் உரிந்த கறுப்பு எஞ்சின். அதைக் கழற்றித் தொட்டியில் மாட்டிக் கயிற்றை இழுத்தான். பாண்டீஸ்வரி மறுபடியும் முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

எஞ்சின் இரண்டு தடவை இருமியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

“நிறுத்துங்க. இன்னொரு தடவ இழுங்க.”

அதே இருமல். அதே செருமல்.

“இதுதான் வேணும்.”

பரிபூரணம் தலையில் அடித்துக்கொண்டாள். “சளி புடிச்ச கெழவன் கணக்கா இருமுது, இதுவா மதினி?”

“விக்க முடியாதுக்கா. வேற பார்ட்டிக்குச் சொல்லியாச்சு” என்றான் விக்னேஸ்வரன் அவசரமாக.

“இப்பத்தான ஓட்ட ஒடசல்ன்னிய? அதுக்கு ஒரு பார்ட்டியா?”

“போட்டெல்லாம் ஓட்டத் தெரியுமாக்கும் ஒங்களுக்கு? போயி வீட்டுல சோத்த ஆக்குங்க.”

“ஆக்கி எறக்கி வச்சிட்டுத்தான் வந்திருக்கோம். நீங்க வெலையச் சொல்லுங்க.”

எதைச் சொன்னால் ஓடுவாள் என்று யோசித்துப் பார்த்தான். “அந்த வெள்ள எஞ்சின் போட்டுக்கு என்ன வெலையோ அதே வெல. ஒத்த ரூவா கொறைக்க மாட்டேன். முடியுமா?”

“முடியும்.”

அவன் வாயை மூடுவதற்குள், பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை உருவி அவன் கையில் வைத்து அமுக்கினாள். “இந்தாங்க, அச்சாரம்.”

கைக்கு வந்த அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வியாபாரியிடம் அப்புறம் ஒருவனும் ஒரு பழைய போல்ட்டுகூட வாங்க மாட்டான். வெல்டிங் பட்டறை மொத்தமும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. பரிபூரணத்துக்கு அழாத குறை. இந்த இரும்பைப் போய் இந்த விலைக்கு வாங்குவார்களா?

விக்னேஸ்வரன் நோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான்.

“தூக்கிட்டுப் போங்க. ஆனா பழசு, ஆமா. நடுத் தண்ணியில எப்ப நிக்கும்னு எனக்கே தெரியாது. நாளைக்கு வந்து கேரண்டி கீரண்டின்னு சண்டைக்கு நிக்கக் கூடாது.”

“கேரண்டி எதுக்கு அண்ணாச்சி?” பாண்டீஸ்வரி போட்டின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு முதல்முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள். “எங்க கட்லாவ அள்ளிப் போட்டுக்கிட்டு, நாங்க பரிசல்ல வெரட்ட வெரட்ட, எங்க கண்மாய விட்டு இதுலதான ஓடுனிய? ஒரு நாளாவது நின்னுச்சா?”