தானாகத் திரும்பி வந்த பெயர்

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் மூத்த மகள்தான். போன ஞாயிற்றுக்கிழமை, துணி மடிக்கும்போது. சொல்லி முடிக்கும்வரை ஒரே தலையணை உறையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. வைஃபை வரவில்லை என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுடைய மேலதிகாரிக்கு அங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் கடுகு. அவ்வளவு சீக்கிரம் வெடிப்பார்.

ஒரு நாள் காலையிலேயே வெடித்தார்.

"கட்டிடம் முழுக்கப் புது வைஃபை வந்தாச்சு. குறைமாசக் குழந்தைகள் வார்டுல மட்டும் பழைய வைஃபை பேரு இன்னும் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குது. சாயங்காலத்துக்குள்ள அதை எடுக்கலேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்!"

"நான் எடுத்துடறேன் சார். 'சேமித்தாயிற்று'ன்னுதான் வருது. வைஃபை பெட்டி அணைஞ்சு மறுபடி எரியுது. கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிடுது."

"பெட்டியையே மாத்திப் பாத்தியா?"

"பாத்தேன் சார். புதுப் பெட்டியும் அதே கூத்துதான். கீழ்த்தளத்துல இருக்கிற தலைமைப் பெட்டியில ஏதாவது..."

கூரையில் பதித்த அத்தனை வைஃபை பெட்டிகளுக்கும் உத்தரவு போடுவது அந்தத் தலைமைப் பெட்டிதான். அந்த அறைச் சாவி கடுகிடம்.

"அதை நான் பாத்துட்டேன். அங்க ஒண்ணும் இல்லை. நீ உன் வேலையைப் பாரு!"

ஏணியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

"வந்துட்டியாம்மா?" என்றார் வார்டு சிஸ்டர். "உனக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தி சண்டை மாதிரி ஓயவே மாட்டேங்குது."

சிரிக்கிற மனநிலையில் அவள் இல்லை. பழைய பெயரை எடுத்தாள், சேமித்தாள். பெட்டியின் விளக்கு அணைந்தது.

"ஐயோ, மறுபடியும் மறைஞ்சு போச்சே!"

"எது சிஸ்டர்?"

சிஸ்டர் அவளைக் கண்ணாடிப் பெட்டி ஒன்றின் அருகே அழைத்துப் போனார். உள்ளே ஒரு பெண் குழந்தை. உள்ளங்கையில் ஏந்திவிடலாம் போல இருந்தது. பாதம் என் மகளின் கட்டைவிரல் அளவுதான். மேலே ஒரு பழைய கேமரா.

"இவ அம்மா வேற ஆஸ்பத்திரியில கிடக்கிறா. நோய்த்தொற்று. பெத்த பிள்ளையை இன்னும் தொட்டதில்லை. இது வழியாத்தான் பாக்கிறா, பேசறா. பழைய கேமரா, அந்தப் பழைய பேரைத் தவிர வேற எதுலயும் சேராது. நீ ஏணியில ஏறும்போதெல்லாம் அவளுக்குப் பிள்ளை மறைஞ்சு போகுது."

"என்கிட்ட யாருமே சொல்லலையே சிஸ்டர்!"

"உங்க கடுகுகிட்ட அன்னைக்கே சொன்னேன். 'ரூல்னா ரூல்தான்'னு குதிச்சாரு. கல்லு மனசு. நல்லவேளை, எப்படியோ தானா திரும்பி வந்துடுது. நானும் ஒவ்வொரு தடவையும் கும்பிட்டுக்கிட்டே நிக்கறேன்."

அந்த நேரம் கூரையில் வைஃபை பெட்டியின் விளக்கு பச்சையாக எரிந்தது. கேமராவிலிருந்து ஒரு குரல், மூச்சு வாங்க:

"தங்கம்... அம்மா வந்துட்டேன்டி..."

மூடியிருந்த அந்தச் சின்னக் கை மெல்ல விரிந்தது. ஒவ்வொரு விரலாக. பக்கத்துத் திரையில் துள்ளிக்கொண்டிருந்த இதயத் துடிப்பு எண் அடங்கி நின்றது.

என் மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். தான் தோற்றுப் போனதாக நினைத்த ஒவ்வொரு தடவையும் இங்கே இதுவா நடந்துகொண்டிருந்தது?

ஆனால் இயந்திரம் தானாக இரக்கப்படாது என்பதும் அவளுக்குத் தெரியும். படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனாள். ஏசி ரிப்பேருக்காக அந்த அறை திறந்து கிடந்தது. தலைமைப் பெட்டியின் திரையில் அந்த வார்டைத் தேடி எடுத்தாள்.

'பழைய பெயர் இருக்கட்டும். யார் எடுத்தாலும் திரும்பப் போடு.'

கீழே, அந்த உத்தரவைப் போட்டவரின் பெயர். கடுகு.

"பாத்துட்டியா?"

வாசலில் அவர்தான். குரலில் வெடிப்பே இல்லை.

"நீங்களா சார்? அப்புறம் ஏன் தினமும் திட்டி அனுப்பினீங்க?"

"புதுக் கேமரா கேட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. அந்தப் பிள்ளை ஒவ்வொரு மூச்சா இழுத்துக்கிட்டு கிடக்குது, அதுக்கு அடுத்த வருஷமாம்!" பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "மேலிடத்துல உன்னைக் கூப்பிட்டுக் கேட்டா, 'எவ்வளவோ முட்டிப் பாத்தேன், மாறலை'ன்னு நீ பொய் கலக்காம சொல்லணும். மாட்டினா நான் மட்டும் மாட்டணும். ஆனா ஒண்ணு, நீ இப்படி விடாம ஏணி ஏறுவேன்னு நான் நினைக்கலைம்மா."

என் மகள் திரும்பி உட்கார்ந்து, அவர் உத்தரவுக்குக் கீழே அதே உத்தரவைத் தன் பெயரிலும் போட்டாள்.

"பைத்தியமா உனக்கு? உன் வேலை இன்னும் நிரந்தரமாகலை!"

"தெரியும் சார்."

மறுநாள் காலையும் கடுகு எல்லோர் முன்னாலும் வெடித்தாராம். இவளும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாளாம்.

குழந்தை இன்னும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இன்றைக்கு நீங்கள் சாமி கும்பிடும்போது அவளையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, அந்தக் கடுகையும்.