திரைக்கு வெளியே ஒரு குரல்

எந்த ஸ்கேனிலும் பிடிபடாத குடல் வலி. தொட்டு அழுத்தியே குணப்படுத்தும் ஆஸ்டியோபதி டாக்டர் மெர்லின் இரண்டு கைகளாலும் மெல்ல அழுத்த, மேஜையில் படுத்திருந்த தமயந்தியின் வயிறு பிசைந்த மாவாக இளகியது.

“எப்பல்லாம் வலிக்குதும்மா?”

“சாப்பிட்டா போதும் டாக்டர், ஆரம்பிச்சுடுவா!” திரைக்கு வெளியிலிருந்து கணவன் சிரித்தான்.

மெர்லினின் விரல்களுக்குக் கீழே வயிறு சட்டென்று கல்லானது. பொறுமையாக மறுபடி இளக்கினாள். குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

“எங்க வீட்லயா? ராணி மாதிரி வெச்சிருக்கேன் டாக்டர்!”

மறுபடியும் கல்.

“சார், நீங்க கொஞ்சம் கீழ வெயிட் பண்றீங்களா?”

“எதுக்கு? எனக்குத் தெரியாம அவளுக்கு என்ன இருக்கு? முடிஞ்சுதுன்னா கிளம்பறோம்.”

மெர்லின் கைகளை எடுக்கப் போனாள். தமயந்தி அந்தக் கைகளை வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.