கை இயக்கம்

பெரிய தண்ணீர்க் குழாயின் வால்வை இயக்கும் பெட்டியில் ஒரு சுவிட்ச் இருந்தது. இடப்பக்கம் 'கை', வலப்பக்கம் 'கணினி'. 'கணினி'யில் இருந்தால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து திறக்கலாம்; 'கை'யில் இருந்தால் யாராவது சக்கரத்தைச் சுற்றினால்தான் வால்வு திறக்கும். சேறு வழிக்கக் குழாய்க்குள் இறங்குமுன் மரியசூசை அதைக் 'கை'க்குத் திருப்புவார். உடன் வேலை செய்யும் புஷ்பத்தின் உள்ளங்கையை வால்வுச் சக்கரத்தின் மேல் வைத்து அழுத்துவார். "கம்ப்யூட்டர எவன் நம்புவான்? உன் கையில விட்டுட்டுப் போறேன் தாயி."

அன்றும் அப்படித்தான் போனார். உள்ளே மண்வெட்டி சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. புஷ்பத்தின் உள்ளங்கைக்கு அடியில் சக்கரம் மெல்ல அசைந்தது. வெடுக்கென்று கையை எடுத்தாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அவளையும் சேர்த்து இழுத்தது. சுவிட்சைக் 'கணினி'க்குத் திருப்பினாள், மறுபடி 'கை'க்குத் திருப்பினாள். நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு, "வால்வு தொறக்குது, நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

"இங்க யாரும் எதையும் தொடலக்கா," என்றான் அங்கிருந்த நிஜாம். "திரையில 'கை'ன்னுதான் காட்டுது. நீங்கதான தொறக்குறீங்க?"

சுரண்டும் சத்தம் நின்றது. குழாய்க்குள்ளிருந்து மரியசூசையின் குரல் வந்தது. அதில் கோபமே இல்லை.

"காலெல்லாம் நனையுது தாயி. வெளையாடாத, கைய எடு."