கைப்பட இரண்டு வரி

“எனக்கு எழுத்து வராதெண்டு தெரிஞ்சுகொண்டும் ஏன் பிள்ளை இதைக் கொண்டு வந்தனி?” றெஜினா பேனையைப் பார்க்காமலே கேட்டாள். அவள் விரல்களில் ரோல்ஸ் மா ஒட்டியிருந்தது.

பாரிஸின் லா சப்பலில், றெஜினா சமைக்கும் அம்புறோஸின் சாப்பாட்டுக் கடை. மணி நாலேகால். சென் தெனியில் மகள் ஆனைஸ் படிக்கும் லிசே உயர்பள்ளியின் அலுவலகத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் பல்கலைக்கழகப் பாடத்துக்கான அனுமதிப் படிவம் போய்ச் சேராவிட்டால் அவளுடைய இடம் வேறொரு பிள்ளைக்கு.

“வெறும் ஒப்பமெண்டால் வழக்கம்போலக் கீறிவிடுவியள். இதுக்கு ரெண்டு வரி தாய் தேப்பன் தங்கட கையாலை எழுத வேணுமாம், தமிழிலையெண்டாலும் சரியாம். நான் துண்டிலை எழுதி வச்சிருக்கிறன். அதைப் பார்த்துப் படம் கீறிற மாதிரிக் கீறுங்கோ.”

தகப்பன் இறந்து ஆறு வருடம். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

“நீயே எழுதிவிடன் பிள்ளை,” என்றார் காசு மேசையிலிருந்த அம்புறோஸ்.

“போன வருசம் அப்பிடி எழுதிப் பிடிபட்டனான் அங்கிள்.”

“பிள்ளை கம்பஸுக்குப் போகுதெண்டால் தாய் ரோட்டாலை போறவைக்கும் ரோல்ஸ் குடுக்க வேணும். இஞ்சை ஒராள் செத்தவீடு மாதிரி நிக்குது,” என்று அவர் சிரித்தார்.

கடையில் ஓடர் எழுதும் கொப்பி ஒன்று உண்டு. றெஜினா அதைத் தொட்டதே இல்லை. இருநூறு ரோல்ஸ், எண்பது வடை, ஞாயிறு பதினொரு மணி என்று எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் மூளைசாலி என்று அம்புறோஸ் வருகிறவர்களிடம் சொல்லுவார்.

“பள்ளிக்கூடம் முடிய முதலே என்னத்துக்குக் கூட்டிக்கொண்டு போகினம்?” என்றாள் றெஜினா.

“எத்தினை தரம் சொல்லுறது அம்மா? புதன் பின்னேரம் மட்டும்தான். கம்பஸிலை போய் இருந்து ரெண்டு பாடம் படிக்கிறது. பாஸ் பண்ணினால் அந்தப் புள்ளியள் என்ர பேரிலை பதிஞ்சு கிடக்கும். பாக் சோதினை முடிச்சு உள்ளுக்கை போகேக்கை அதைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை.”

“ஆர் வந்து சொன்னது?”

“கம்பஸிலையிருந்து ரெண்டு பேர் வகுப்புக்கு வந்தவை.”

“நல்லாக் கதைச்சிருப்பினம்.”

“ஓம். எல்லாரும் கை தட்டினவை.”

“பிறகு பேர் கேட்டிருப்பினம்.”

ஆனைஸ் நிமிர்ந்தாள். “ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

தாச்சியில் எண்ணெய் புகையத் தொடங்கியிருந்தது. றெஜினா போய் அடுப்பைத் தணித்தாள்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று ஆனைஸுக்குத் தெரியும். வீட்டில் மாதா படத்துக்குக் கீழே றூபன் மாமாவின் படம் இருக்கிறது. பதினேழு வயது, வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை.

இலங்கையில், அம்மாவின் ஊரில், சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் வேண்டும் என்று இயக்கத்திலிருந்து கேட்டு வந்தார்கள். அந்த வீட்டில் போகக்கூடிய வயதில் இருந்தவர்கள் அக்கா றெஜினாவும் தம்பி றூபனும்தான். “ஆரோ அவன்ர பேரை எழுதிக் குடுத்திட்டினம்,” என்று அம்மா சொல்லுவாள். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. படிப்பு முடியுமுன்னே போனவன் மூன்றாம் மாதம் பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்க விடவில்லை.

“அம்மா, இது அந்தப் பேர் எழுதுறது இல்லை,” ஆனைஸ் குரலைத் தணித்தாள். “மாமாவை நான் மறக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பூசை குடுக்கிற காசு உறையிலை பேர்கூட நான்தான் எழுதினனான். பாருங்கோ, தமிழிலை.”

றெஜினா உறையை ஒரு கணம் பார்த்தாள். “றூபனுக்குப் பெரிய ற.”

ஆனைஸ் ‘ரூ’வை வெட்டி ‘றூ’ என்று அவசரமாகத் திருத்தினாள். மணி நாலரை ஆகப்போகிறது. “இப்ப ஓடினால்தான் ரயில். எழுதுறியளோ? இல்லாட்டி எனக்கு இடம் வேண்டாமெண்டு அங்கை போய்ச் சொல்லவோ?”

றெஜினா குழாயைத் திறந்து கை கழுவினாள். விரல் விரலாக, நெடுநேரம் கழுவினாள். ஏப்பிரனில் துடைத்துக்கொண்டு வந்து பேனையை எடுத்தாள்.

துண்டை ஒருமுறைதான் பார்த்தாள். பிறகு எழுதினாள். கோடு போடாத தாளில் கோடு போட்டதுபோல, அச்சில் வார்த்த உருண்டை எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அம்புறோஸ் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவர் வாயிலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

‘என் மகள்’ என்ற இடம்வரை வந்து, பேர் எழுத வேண்டிய வெற்றிடத்தில் பேனை நின்றது. அந்த இடத்தில் மை ஊறிப் பரவியது.

“உங்களுக்கு எழுதத் தெரியுமா?” என்றாள் ஆனைஸ்.

“பள்ளிக்கூடத்திலை கையெழுத்துக்கு எனக்குத்தான் முதல் பரிசு.”

“அப்ப ஏன் அம்மா இவ்வளவு காலமும்…?”

றெஜினா வெற்றிடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மாமான்ர பேரை எழுதிக் குடுத்த அந்த ஆரோ, நான்தான் பிள்ளை.”