மகளின் கட்டிலோரம்

பதினோரு வருடமாக விடிகாலை ஐந்து மணிக்கு மகளின் கட்டிலோரம் முழங்காலில் நின்று அவளுக்காக ஜெபித்துவந்தேன். முட்டி வலிக்காமலிருக்க ஒரு பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஓவர்டைம் ஆரம்பித்தபோது ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒரு வாரம் போனது. பிறகு துண்டைத் துவைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, தலை பின்னிவிடும்போது மகள் கேட்டாள்.

"இப்பல்லாம் ஏம்மா கண்ணைத் திறந்துக்கிட்டே ஜெபம் பண்ற?"

"எப்போ?"

"தினமும்தான். என்னையே பாத்துக்கிட்டிருக்க."

துண்டு அவள் கட்டிலோரம் கிடந்தது. அதில் முட்டி அழுந்திய இரண்டு குழிகள் இருந்தன. உதறி மடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

கணவரிடம் சொன்னேன். "தூக்கத்துல எந்திரிச்சுப் போறியோ என்னவோ. நல்ல காரியம்தானே, விடு," என்றார்.

இருக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது. ஆனாலும் அலாரம் வைத்துப் படுத்தேன்.

ஐந்து மணிக்கு அடித்தது. அணைத்தேன். கணவர் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தது. அடுத்த அறையில் என் குரல் மகளின் பெயரைச் சொல்லி ஜெபத்தைத் தொடங்கியது. அவள் படிப்பு, அவள் சுகம், அவள் போக்கும் வரத்தும் என்று நான் சொல்லும் வரிசையிலேயே ஒரு வார்த்தை விடாமல் போனது. இயேசுவின் நாமத்தில் என்று நான் முடிக்கும் இடம் மட்டும் வரவில்லை. ஜெபம் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது.

நாளைக்கு எழுந்துவிடலாம் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.