கடற்கரைக்குப் போன கொலுசு

"இந்த வருஷத்தின் சிறந்த உலாக் குடும்பம்... தயாளன், மகள் யாழிசை!"

பள்ளி ஆண்டு விழா மைக்கில் பெயர் அதிர்ந்ததும் தயாளன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறினான்.

பெற்றோர் குழந்தையை வாராவாரம் வெளியே அழைத்துப் போகிறார்களா என்று பார்க்க, பள்ளியே ஒவ்வொரு குழந்தையின் காலிலும் ஒரு மின்னணுக் கொலுசு மாட்டியிருந்தது. குழந்தை எத்தனை அடி நடந்தது, எங்கே போனது, எல்லாவற்றையும் அது பள்ளிக்குச் சொல்லிவிடும். தயாளன் ஞாயிறுதோறும் அதைக் கழற்றி எதிர்வீட்டு நாயின் கழுத்துப் பட்டையில் கட்டிவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்வான். நாய் தன் எஜமானரோடு பெசன்ட் நகர் கடற்கரையைச் சுற்றிவிட்டு வரும்.

"நாப்பது வாரம் பீச்சுக்குப் போயிருக்கே! அங்க என்னடா கண்ணு பண்ணுவே?" டீச்சர் மைக்கை நீட்டினார்.

தொலைந்தோம் என்று நினைத்தான் தயாளன். ஐந்து வயது யாழிசை அவனை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள்.

"அலை வந்து என் கவுன நனைச்சிடுச்சு மிஸ். அப்பா என்னத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. தண்ணி ஒரே உப்பு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கோப்பையோடு மேடையை விட்டு இறங்கும்போது அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கரெக்டா சொன்னேனாப்பா? கடல் தண்ணி உப்பாத்தானே இருக்கும்?"

குனிந்து அவள் முகத்தைப் பார்க்கத் தயாளனுக்குத் தைரியம் வரவில்லை.