சீட்டில்லாமல் போனவர்கள்

“இன்னைக்கும் பதினேழு பேர் சீட்டு வாங்காம உள்ள போயிட்டாங்க ஏசி சார்” என்றாள் அவள் ஃபோனில். “வாசல்ல நிக்கிறவன் தூங்குறானா, இல்ல ஆள் பார்த்து விடுறானா?”

“பின்பக்கமா வேற வாசல் இருக்கான்னு பாக்கணும் டெஸ்டிங்.”

“நேத்து கூரையைப் பிரிச்சு இறங்குறாங்கன்னீங்க.”

“அதையும் ஒதுக்கிட முடியாதே.”

அவள் சிரித்தாள். அவர் ஃபோனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார்.

உண்மையில் அங்கே வாசலும் கிடையாது, ஆளும் கிடையாது. கணினி இயங்குதளத்தின் அடிமட்டத்தில், கர்னல் என்கிற இடத்தில், ஃபங்ஷன் எனப்படும் ஒரு சிறு நிரல். மற்ற நிரல்களிடமிருந்து அதற்கு எத்தனை அழைப்பு வருகிறது, ஒவ்வொன்றும் முடிய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க அவர் ஒரு புரோப் வைத்திருந்தார்.

புரோப் காவல்காரன் மாதிரி. உள்ளே போகிற அழைப்புக்கு ஒரு சீட்டைக் கொடுக்கும், வெளியே வரும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும். சீட்டில்லாமல் போனது எதுவும் பதிவில் சேராது. ‘தவறியவை’ என்று ஓர் எண் மட்டும் ஏறும். அந்த எண் பூஜ்யமானால் வேலை முடிந்தது.

புரோப் வைப்பது அவர் பொறுப்பு. தவறியதைப் பார்த்துச் சொல்வது வேறோர் ஊர்க் கிளையில் இருக்கும் அவள் பொறுப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. குளிர்ந்த மெஷின் அறையில் கிடப்பவர் என்பதால் அவளுக்கு அவர் ‘ஏசி சார்’. அவருக்கு அவள் ‘டெஸ்டிங்’. தினமும் காலை பதினொரு மணிக்கு இந்த ஃபோன். மூன்று வாரமாக நடக்கிறது.

ஃபோனை வைத்த பிறகு மெஷின்களின் இரைச்சல்தான். மற்றவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போய்விட, மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் ஆளாவது வேண்டுமே என்று அவரை மட்டும் விட்டிருந்தார்கள். வெளிக்கூடத்தில் வரிசையாக நாற்காலிகள், எல்லாவற்றின் முதுகிலும் தூசி. அவர் ஸ்வெட்டரோடு நின்றபடியே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவார்.

வீட்டுக்குப் போனால் அக்கா ஆஸ்பத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பியிருப்பாள். மேசைமேல் மூடி வைத்த தட்டு இருக்கும். அந்தப் பதினொரு மணி ஃபோனை விட்டால் அவர் வாய்க்கு அன்றைக்கு வேறு வேலையில்லை.

அதனால்தான், இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டதை அவர் சொல்லவில்லை.

புரோப்பிடம் எத்தனை சீட்டு இருக்கலாம் என்று குறிக்கும் இடத்தில், நாற்பதுக்குப் பதில் நான்கு என்று அவரே கைதவறிப் போட்டிருந்தார். ஒரே சமயத்தில் ஐந்தாவது அழைப்பு வந்தால் கொடுக்கச் சீட்டில்லை. நான்குக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டால் தீர்ந்தது. போட மனம் வரவில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். வேறொரு சோதனைக்காகச் சீட்டை நாற்பதாக்கியவர், திரும்பக் குறைக்க மறந்துவிட்டார். ஃபோன் அடித்த பிறகுதான் நினைவு வந்தது. அன்றைக்கு எண் பூஜ்யம்தான் காட்டியிருக்கும்.

“பன்னெண்டு சார்” என்றாள்.

பழைய பட்டியலைப் பார்த்துச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று அவருக்கு மூச்சு வந்தது. பேசிக்கொண்டே எண்ணை நான்காக்கினார்.

இந்தப் புதன்கிழமை அவள் குரலில் சுரத்தே இல்லை.

“மேனேஜர் கிழிச்சிட்டாரு சார். மூணு வாரமா ஒரு எண்ணை ஜீரோ ஆக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடான்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டாரு.”

“நாலு பேரா? உங்க ஆபீஸ்லயாவது ஆள் இருக்கே.”

“நாலு பேரும் ஸ்கிரீன்லதான் சார். இங்க நானும் ஒரு தண்ணி கேனும்தான். அதுவும் என்கூடப் பேச மாட்டேங்குது.”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. நம் பேச்சுத் துணைக்காக எங்கேயோ இருக்கிற ஒரு பெண் நாலு பேர் முன்னால் தலைகுனிவதா என்று நாளெல்லாம் குடைந்தது.

மறுநாள் காலை வந்ததும் ஸ்வெட்டரைக்கூடப் போடாமல் உட்கார்ந்தார். நான்குக்குப் பக்கத்தில் பூஜ்யத்தைத் தட்டினார். சோதனையை ஓட்டினார்.

எப்போதும் அவள் சொல்லித்தான் கேட்பார். இன்றைக்கு மனசு கேட்காமல், தன் திரையிலேயே, அவள் பார்க்கும் அதே எண்ணைத் திறந்து பார்த்தார். தவறியவை: 0. இன்னொரு தடவை ஓட்டினார். 0.

‘வாழ்த்துகள் டெஸ்டிங், இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்’ என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மெஷின் அறையில் சொந்தக் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

பதினொன்றுக்கு ஃபோன் வந்தது.

“இப்பத்தான் ஓட்டி முடிச்சேன். பாத்துச் சொல்லுங்க” என்றார்.

“இருங்க சார்.” அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் எதிரே இருந்த பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“பதினொண்ணு தவறுது ஏசி சார். நாளைக்கும் கூப்பிடுறேன்.”